ஜன்னலோரத் தட்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

காந்த அளவியை எப்படி இயக்குவது என்று எழுதித் தரும்படி கேட்டனுப்பியிருந்தீர்கள். எழுத மாட்டேன். அந்தக் கையேடு மூன்றாவது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் மேல்தான் நீங்கள் டீ டம்ளரை வைக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றுப் போனவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதீர்கள். இருபத்தெட்டு வருடம் அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். உங்களில் யாரோ ஒருவர் எனக்கு உளவு சொல்கிறார். யார் என்று சொல்லமாட்டேன்.

எந்திரத்தைப் பற்றிக் கேட்டவர்களில் ஒருவராவது என் தப்பைப் பற்றிக் கேட்டீர்களா? மரியாதை போலிருக்கிறது. அந்த மரியாதையை மடித்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பை நான் ஏறக்குறைய கெடுத்தேன். சோம்பலால் கெடுத்திருந்தால் மன்னிப்பாவது கேட்டுவிடலாம். நான் கெடுத்தது ஒழுங்காக வேலை செய்து.

அந்தப் பெண் நூருன்னிசா, பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. எங்கள் பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். நான் தொழில்நுட்ப உதவியாளர். அவள் பொடி செய்து கொடுப்பாள், நான் காயவைத்து, அளந்து, தாளில் படம் எடுத்துக் கொடுப்பேன். எல்லோரும் என்னை மேடம் என்று கூப்பிட, அவள் மட்டும் வந்த முதல் நாளே அக்கா என்றாள். இரண்டாம் நாள் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். அப்படிப்பட்ட சுபாவம்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் துத்தநாக ஆக்சைடு. வெயிலுக்குப் பூசும் களிம்பில் இருக்கிறதே, அந்த வெள்ளைப் பொடிதான். அதற்குக் காந்த குணம் கிடையாது. அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சன்னமான துகள்களாகச் செய்து, துத்தநாகம் உட்காரும் இடங்களில் கொஞ்சம் கோபால்ட்டை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய கேள்வி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எல்லா வீட்டிலும் துத்தநாகம் இருக்கிறது, நூறு வீட்டுக்கு ஒன்றில் புதிதாக ஒரு கோபால்ட் குடிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் லேசாக நெளியும், துகள் கொஞ்சம் சின்னதாகும். இதை எக்ஸ்ரே எந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குடிவந்த கோபால்ட்டெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஒரே பக்கம் திரும்பி நின்றால்தான் அந்தப் பொடி காந்தமாகும். அப்படி ஆகிறதா என்பதைத்தான் என் அளவி சொல்ல வேண்டும். காந்தமாகியிருந்தால் தாளில் ஒரு வளையம் வரும். இல்லையென்றால் சாய்ந்த ஒரு நேர்கோடு வரும். வளையம் வந்தால் பேராசிரியர் டீ வாங்கித் தருவார். கோடு வந்தால் காபிக்குக்கூட வழியில்லை.

முதல் தொகுதியைத் தை மாதத்தில் செய்தோம். கோபால்ட் சேர்க்காத தூய பொடி ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து சதவீதம் கோபால்ட் சேர்த்தவை நான்கு. உலையிலிருந்து எடுத்து அரைத்து, ஸ்பிரிட்டில் அலசி, ஐந்து கண்ணாடித் தட்டுகளில் பரப்பினோம். அந்த வாடையில் எனக்குத் தலைவலி வரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைப்பேன். மேசை வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நீளமானது. கதவருகே தூய பொடி, அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, ஜன்னலோரத்தில் ஐந்து. பந்தியில் இலை போட்ட மாதிரி ஒரு விரல்கூடத் தள்ளாமல் வைப்பேன். நாலைந்து நாள் அப்படியே காயும். புதிதாக வருபவர்களிடம் அந்த மேசையைக் காட்டி, "பாருங்க, இதுக்குப் பேருதான் வேலை" என்று பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

அளந்தபோது வளையம் வந்தது. அதுவும் எப்படி! தூய பொடிக்கு வளையமே இல்லை, கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒரு சதவீதத்துக்கு ஒல்லியாக ஒன்று, இரண்டுக்குச் சற்றுப் பெரிதாக, மூன்றுக்கு இன்னும் பெரிதாக, ஐந்துக்கு மீன் கண்ணைப் போலத் திறந்த ஒரு வளையம். நூரு எல்லோருக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கி வந்தாள். பேராசிரியர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பிளாஸ்டிக் உறை போட்டு அறைச் சுவரில் மாட்டினார். யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கும் காட்டினார். பாவம், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

கட்டுரை ஒரு சஞ்சிகைக்குப் போனது. சில மாதம் கழித்துப் பதில் வந்தது: நன்றாக இருக்கிறது, புதிதாக ஒரு தொகுதி செய்து இதே முடிவைக் காட்டுங்கள், வெளியிடுகிறோம். அது நியாயமான கேள்விதான். நூருவின் உதவித்தொகை அந்த மார்கழியோடு முடிகிறது. அதை நீட்டிக்கும் குழு கூடும்போது கட்டுரை கையில் இருந்தால் நீட்டிப்பு, இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்காவது வருடத்தை அவள் கைக்காசில் ஓட்ட முடியாது.

ஐப்பசியில் இரண்டாம் தொகுதியைச் செய்தோம். அடைமழை, ஜன்னலைச் சாத்திவிட்டு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அளந்தால் ஐந்துமே நேர்கோடு. பெயருக்குக்கூட ஒரு வளையம் இல்லை. அந்தத் தாள்களை நான் கசக்கிக் கூடையில் போட்டேன். பிறகு என் ஆயுளில் சொல்லியிருக்கவே கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"நீ எடை போட்டதுல தப்பு பண்ணியிருப்ப நூரு."

"நானா? நாலு வாட்டி பாத்துதான்க்கா போட்டேன்."

"நாலு வாட்டி பாத்தா தப்பு நாலு வாட்டி நடக்கும். போன தடவ வந்துச்சுல்ல? அப்ப நல்லாத்தான செஞ்ச? இப்ப அவசரம்."

நான் அவளைவிட மூத்தவள், எந்திரம் என் கையில் இருக்கிறது, என் வேலையில் யாரும் குற்றம் கண்டதில்லை. ஆகவே தப்பு அவள் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. பிள்ளைகளே, நெருக்கடி வந்தால் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அடுத்தவர் கைதான். உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும், வாயைத் திறக்காதீர்கள்.

பாவம், அவள் தராசைச் சரிபார்த்தாள், உலையைச் சரிபார்த்தாள், கோபால்ட் உப்புப் புட்டியையே மாற்றினாள். மூன்றாவது தொகுதியைக் கார்த்திகைக் கடைசியில் செய்தாள். மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து காற்று திரும்பியிருந்த நேரம். என் தங்கை மகளுக்கு வளைகாப்பு என்று நான் ஒரு வாரம் விடுப்பில் போயிருந்தேன். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, தட்டுகளை அவளே பரப்பிக் காயவைத்தாள். அளக்கவும் அவளுக்குத் தெரியும். நான் திரும்பி வந்த அன்று காலையில் அறைக்குள் நுழைந்தால், நாற்காலியில் சாய்ந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. வந்துதான் பேஜாரா பூட்ச்சு. தலகீழா வந்து கீது."

தாள்களை நீட்டினாள். ஐந்து சதவீதத்துக்கு வெறும் கோடு. மூன்றுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நூல். இரண்டு, ஒன்று என்று வரவர வளையம் பெருத்துக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் மேலே தூய பொடி. கோபால்ட்டின் வாடையே படாத அந்தப் பொடிக்கு, அசல் மீன் கண் வளையம்.

"லேபிள மாத்தி ஒட்டிட்டேன்க்கா. அதான். எப்டி மாத்துனேன்னே தெர்ல."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே புட்டிகளைப் பார்த்தேன். கோபால்ட் சேர்ந்த துத்தநாக ஆக்சைடு பச்சையாக இருக்கும். கோபால்ட் கூடக் கூடப் பச்சை அழுத்தமாகும். ஐந்து சதவீதம் என்று எழுதிய புட்டியில் மாங்காய்த் தோல் பச்சை. ஒரு சதவீதத்தில் வெளிறின பச்சை. தூயது என்று எழுதியதில் வெள்ளை வெளேரென்ற பொடி. லேபிள் ஒன்றுகூட மாறவில்லை. எடையும் சரி, கலவையும் சரி. அந்தப் பெண் எதிலும் தப்பு செய்யவில்லை.

"தட்டெல்லாம் எப்டி வெச்ச?" என்று கேட்டேன்.

"எப்டின்னா? ஜன்னல் பக்கம் நின்னுகினு இருந்தேன். பியூர்ல இருந்து ஸ்டார்ட் பண்ணி அப்டியே வாசல் வரிக்கும் வெச்சுகினே வந்தேன். ஏன், அதுக்கும் திட்டுவியா?"

அவளை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் கட்டை மேல் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தின் அடியில் கறுப்பாக, மீசை முளைத்த மாதிரி தூசி நின்றது.

வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் அது. நிலக்கரி எரிந்த சாம்பலில் இரும்பு ஆக்சைடு உருண்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கும். நம் பொடியின் காந்தம் எவ்வளவு சொற்பம் என்றால், ஒரு தட்டில் சிட்டிகைக்கும் குறைவாக அந்தச் சாம்பல் விழுந்தாலே போதும், எக்ஸ்ரே எந்திரத்துக்குக்கூடத் தெரியாமல் முழு வளையத்தையும் போட்டுவிடும். ஜன்னலுக்குப் பக்கத்துத் தட்டில் நிறைய விழும், தள்ளத் தள்ளக் குறையும், கதவருகே ஒன்றும் விழாது. ஐப்பசியில் ஜன்னல் சாத்தியிருந்ததால் எந்தத் தட்டிலும் விழவில்லை. நான் கோபால்ட் ஏற ஏறத் தட்டை ஜன்னலை நோக்கி அடுக்கியிருந்தேன். தை மாதம் நான் அளந்து கொடுத்தது கோபால்ட்டை இல்லை, ஜன்னல் எவ்வளவு பக்கம் என்பதை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த தூய பொடியும் கதவருகே பத்திரமாக உட்கார்ந்து என் பொய்க்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. தாறுமாறாக வைத்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன். ஒழுங்குதான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது நான் காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் பேராசிரியர் வந்தார். குழு கூட ஒன்பது நாள் இருந்தது. மூன்றாம் தொகுதியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர், ஆனால் சுவரில் மாட்டிய படத்தை எந்த மனிதர்தான் சுலபமாகக் கழற்றுவார்?

"ஏம்மா, முதல் தொகுதியில கொஞ்சம் மிச்சம் இருக்குதில்ல? அதையே இன்னொரு தடவை அளந்து, பழைய பொடிதான்னு சொல்லியே அனுப்பிட்டா என்ன? பாவம், இந்தப் பொண்ணுக்கு நேரமில்லை."

இருந்தது. ஐந்து புட்டியிலும் மிச்சம் இருந்தது. அளந்தால் அதே அழகான வளையங்கள் அப்படியே வரும். யாரும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எந்திரம் சரியாக இருக்கிறது, எண்கள் சரியாக இருக்கின்றன, நான் கையெழுத்துப் போட்டால் போதும். நூருவுக்கு உதவித்தொகை கிடைக்கும், பேராசிரியருக்குப் படம் நிலைக்கும், எனக்கு மானம் மிஞ்சும். ஜன்னல் விஷயம் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். வழக்கமாக நம்மிடம் யாராவது தப்பு செய்யச் சொன்னால் முறைத்துக்கொள்ளலாம். இதில் முறைத்துக்கொள்ளக்கூட ஆளில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அந்தப் பெண்ணுக்கு நல்லது நினைக்கிறார்கள்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன்.

மறுநாள் காலையில் நூரு எனக்கு முன்னால் வந்து முதல் தொகுதிப் புட்டிகளைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள். "அக்கா, நான்தான் எங்கியோ தப்பு பண்ணிகினு கீறேன். மொத தபா நல்லா செஞ்சேன், அப்பால கை கெட்டுப்போச்சு. இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்லன்னு நெனிக்கிறேன்க்கா" என்றாள். அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதைக் கேட்டபின் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உதவித்தொகைக்காகச் சும்மா இருந்துவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன், இவளோ தன் கையைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இனி எத்தனை வருடம் வேலை செய்தாலும் அந்தச் சந்தேகம் அவளை விடாது.

பையிலிருந்து கசங்கிய காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். காந்தத்தை அடியில் வைத்ததும் கறுப்புத் தூசி எழுந்து நின்றது.

"இது இன்னாக்கா?"

"ஜன்னல் தூசி. உன் வளையம் இதுதான் நூரு. உன் கை கெடல. என் தட்டு வரிசைதான் கெடுத்துச்சு."

முழுவதும் சொன்னேன். நேற்றே தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் வெடித்தாள்.

"வூட்ல துணி காயப் போட்டா காத்து எந்தப் பக்கம்னு பாத்துதான போடுவ? வடக்கால அடிச்சா ஓடிப்போய் எடுக்குறதான? இங்க மட்டும் ஏன்க்கா பாக்கல? எடை தப்புன்னு என்னிய சொன்னியே, அதுக்கு ரெண்டு மாசமா நான் தூங்கலக்கா!"

நான் குடியிருக்கும் திருவொற்றியூரில் துணி காயப்போடும் யாருக்கும் தெரிகிற விஷயம் அது. ஆராய்ச்சிக்கூடத்து வாசலைத் தாண்டியதும் நான் அதை மறந்து பெரிய ஆளாகிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் புட்டிகளை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேராசிரியரிடம் இருவரும் சேர்ந்துதான் போனோம். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினார். கட்டுரையைத் திரும்பப் பெற அவரே கடிதம் எழுதினார். குழுவின் முன்னால் நூரு காகிதத்தையும் காந்தத்தையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாளாம். "மூன்று வருடத்தில் என்னதான் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். "அமைப்பு மாறுவது உண்மை. காந்தம் இன்னும் தெரியாது" என்றிருக்கிறாள். ஆறு மாதம் கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்ற எச்சரிக்கையோடு.

அந்த ஆறு மாதத்தில் அவள் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. என் டப்பாவைத் திறக்கவில்லை. அது எனக்கு வலித்தது, மறைப்பானேன். தட்டுகளுக்கு மூடி வந்தது, ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் வந்தது. எந்தத் தட்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வைத்தாள். நீங்கள் இன்றைக்கும் சீட்டு எடுத்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு, பழைய ஆளுங்க பைத்தியம்" என்று முனகுகிறீர்களே, அந்தப் பைத்தியம் அங்கே ஆரம்பித்ததுதான்.

ஒரு நாள் ஐந்து பொட்டலங்களை என் மேசையில் வைத்தாள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பில் அவளே இறுக்கிச் சுற்றியிருந்தாள். பச்சையா வெள்ளையா என்று தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஓர் எழுத்து.

"எது எதுன்னு உனக்குத் தெரிய வேணாம்க்கா" என்றாள்.

சுருக்கென்றது. இருபத்தாறு வருட அனுபவத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. அவள் செய்ததுதான் சரி என்பதால் இன்னும் அதிகமாகச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு அளந்தேன். ஐந்தும் நேர்கோடுகள். வளையம் எதிலும் இல்லை. கோபால்ட்கள் குடிவந்திருந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை நான் தாளைக் கசக்கவில்லை. ஐப்பசியில் வளையத்தையே தேடிக்கொண்டிருந்ததால் கோடுகளை யாரும் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். ஒன்று கீழே சாய்ந்திருந்தது. மற்ற நான்கும் மேலே, ஒன்றைவிட ஒன்று கூடுதலாக ஏறின. பேசிக்கொள்ளாவிட்டாலும் ஒவ்வொரு கோபால்ட்டும் தனியாகக் காந்தத்தின் பக்கம் கொஞ்சம் சாயும், எண்ணிக்கை கூடக் கூடக் கோடு ஏறும். சாய்வு ஏறும் வரிசையில் ஐந்து எழுத்துகளையும் ஒரு சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினேன்: ம, க, ப, ர, த.

எந்த எழுத்து எந்தப் பொடி என்று எழுதி மடித்த தாள் ஒன்றை அவள் கைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். என் சீட்டைப் பக்கத்தில் வைத்தாள். விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனாள். தூயது. ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. கடைசி எழுத்தில் விரல் நின்றது. வளையங்கள் வந்தபோது சூப்பர் என்றாள், அழகு என்றாள், அத்தோ வாங்கி வந்தாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள், "இது நெசம்க்கா."